வாய் என்னுடையது, குரல் ஸ்டெல்லாவுடையது

எங்கள் தெருவில் ஹேமா என்று ஒரு பெண் இருக்கிறாள். சீரியலில் நாத்தனார் வேஷம் போடுகிறாள். இப்போதைக்கு நல்ல நாத்தனார், பார்க்கிற கூட்டம் குறைந்தால் கெட்ட நாத்தனார் ஆகிவிடுவேன் என்று அவளே சொல்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, நான் கொடுத்த காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே ஒரு விஷயம் கேட்டாள். அவளுடைய கம்பெனியில் எல்லோருடைய குரலையும் மெஷினில் பிடித்து வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். ஒரு நாள் உட்கார்ந்து அவர்கள் கொடுப்பதைப் படித்துவிட்டு வந்தால் போதும். அப்புறம் இவள் போகாவிட்டாலும் இவள் குரலில் மெஷினே பேசிவிடும்.

“சம்மதிக்கலாமா வேணாமா, வேதாம்மா? நீங்க எவ்ளோ நடிச்சிருக்கீங்க, நீங்களே சொல்லுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சீரியலில் நடித்த காலம் முழுவதும் என் குரலில் ஒரு வசனம்கூட டிவியில் வந்ததில்லை. மாமியார், சம்பந்தி, ஒருமுறை நீதிபதி என்று எல்லாவற்றிலும் வாய் அசைத்தது நான். பேசியது ஸ்டெல்லா என்ற டப்பிங் ஆர்ட்டிஸ்ட், பெரம்பூர்க்காரி. என்னிடம் குரலைப் பற்றி யோசனை கேட்பது, மொட்டை போட்டவரிடம் எந்தக் கடையில் நல்ல சீப்பு கிடைக்கும் என்று கேட்பது மாதிரி. ஆனாலும் அவள் கேட்டவுடன் எனக்கு நைனா ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்கும் யாராவது டப்பிங் கொடுத்துவிடுவதற்குள் எழுதிவிடுவது நல்லது.

நான் பிறந்தது வெள்ளானூர். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். என் நைனா முனுசாமி கத்தரியும் வெண்டையும் போடுவார், இரண்டு மாடு வைத்திருந்தார். பம்ப்செட் கைப்பிடி எகிறி அடித்ததில் அவருக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. போய்க் கட்டிக்கொள்ளச் சொன்னால், “கத்திரிக்கா வெக்கிறவனுக்குப் பல்லு இன்னாத்துக்கு?” என்பார். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் டர்னராக இருந்த சொந்தக்காரருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார். குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனேன். அங்கே திருநெல்வேலி, மதுரை, தருமபுரி என்று எல்லா ஊர்ப் பேச்சும் கேட்கும். அதில் உள்ளூர்க்காரி நான் ஒருத்திதான் என்பதால், என் பேச்சைத்தான் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

நான் நடிகையானது குழாயடியில். தண்ணீர் வரிசையில் என் குடத்தை ஒருத்தி நகர்த்திவிட்டாள். அன்று நான் பேசியதை இங்கே எழுத முடியாது. சாயங்காலம் இராமலிங்கம் சார் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் எங்களுக்கு மூன்றாவது பிளாக், திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலை நாடகக் குழுவின் டைரக்டர். சண்டையைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து என் வீட்டுக்காரர் அவர் உட்காருவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

“மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். உங்க வீட்டம்மா பேசுனது என் அடுப்படி வரைக்கும் ஒரு எழுத்து சிதறாம வந்து விழுந்துச்சு. நம்ம நாடகத்துல நடிக்க வருவாங்களா?” என்றார்.

அதுவரை பெண் வேஷத்துக்கு வெளியிலிருந்து ஒரு நடிகையை அழைத்து வருவார்கள். அந்த அம்மாள் ஒரே வாரத்தில் நாலு தொழிற்சாலைகளுக்கு நடிப்பார். போன நாடகத்தில், அம்பத்தூர் எஸ்டேட் குழுவுக்குப் பேச வேண்டிய வசனத்தை இங்கே பேசி, வில்லனை “அண்ணா” என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டார். அதன்பிறகு அந்த வில்லன் நாடகம் முடியும்வரை மிகவும் மரியாதையாக நடந்துகொண்டாராம். சார் அதை மறக்கவே இல்லை.

சாருக்கு இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மெண்டில் வேலை. உதிரிபாகங்களை அளந்து பார்த்து ஓகே, ரீவொர்க், ஸ்கிராப் என்று பிரிக்க வேண்டும். ஒத்திகையிலும் பெரும்பாலும் அந்த மூன்று வார்த்தைகள்தான். ஹாலின் கடைசி வரிசையில் போய் உட்காருவார். மைக் கிடையாது. வசனம் காதில் விழாவிட்டாலும், எங்கள் ஊர்ப் பேச்சு தலைகாட்டினாலும் கைக்குட்டையைத் தூக்குவார். நான் ‘ஊடு’ என்றால் கைக்குட்டை, ‘கீது’ என்றால் கைக்குட்டை. முதல் மாதம் அந்தக் கைக்குட்டை அவர் பாக்கெட்டுக்குள் போனதையே நான் பார்க்கவில்லை. நிற்கும் இடம் தப்பென்றால் அங்கிருந்து எழுந்து, நிதானமாக நடந்து வந்து, நம் காலடியில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, அதே நிதானத்தில் திரும்பிப் போவார். அவர் உட்காரும்வரை குழுவே அசையாமல் நிற்கும்.

ஒருநாள் என் அழுகைக் காட்சி. பிள்ளையைப் பறிகொடுத்த தாய். முடித்தபோது பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கண் கலங்கியிருந்தது. சார் “ரீவொர்க்” என்றார். எனக்கு ஆத்திரம். எங்கே தப்பு என்று கேட்டேன்.

“அழுதது நல்லாத்தான் இருந்துச்சு. என்ன சொல்லி அழுதீங்கன்னு தெரியல” என்றார்.

அவரிடம் நான் கற்றது அவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது. அழுதாலும் சிரித்தாலும் கடைசி வரிசை ஆளுக்கு வார்த்தை போய்ச் சேர வேண்டும். திரைக்குப் பின்னால் இருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர் ஒரு முறைதான் எடுத்துக் கொடுப்பார். இரண்டாம் முறை தேவைப்பட்டால், தேவைப்பட்டவர் குழுவுக்கே போண்டா வாங்கித் தர வேண்டும். போண்டா பயத்திலேயே எனக்கு முழு நாடகமும் மனப்பாடம் ஆகிவிடும். ஆவடி, அம்பத்தூர், மண்ணூர்பேட்டை என்று மேடை மேடையாகப் போனேன். நைனா ஒன்றுக்கும் வரவில்லை. கோபமெல்லாம் இல்லை. “கட்டிக் குடுக்கற வரிக்கும் நீ பேசறதத்தானே கேட்டுகினு இருந்தேன். போதும்” என்றார்.

சார் ரிட்டயராகி ஊருக்குப் போனார். குழு கலைந்தது. நான் சீரியலுக்குப் போனேன்.

பூந்தமல்லி தாண்டி ஒரு பங்களாவில் ஷூட்டிங். கீழே ஒரு சீரியல் குடும்பம் அழும், அதே நேரத்தில் மாடியில் வேறொரு சீரியல் குடும்பம் அழும். எங்கள் டைரக்டர் வசந்த். தங்கமான மனிதர், ஆனால் நடிப்பவர்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டார், எதிரே இருக்கும் சின்ன டிவியைத்தான் பார்ப்பார். எது நடந்தாலும் “சூப்பர்மா” என்பார். ஒருமுறை லைட் ஸ்டாண்ட் சரிந்து என் தோளில் விழுந்தது. அதற்கும் சூப்பர்மாதான்.

அங்கே வசனம் மனப்பாடம் செய்ய வேண்டாம். கேமராவுக்குப் பின்னால் நின்று உதவி டைரக்டர் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிப்பார், நாங்கள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். போண்டா கிடையாது. முதல் நாள், மருமகளை வீட்டை விட்டுத் துரத்தும் காட்சி. “இந்த வீட்டுல உனக்கு இடமில்ல” என்று படித்தார், சொன்னேன். “உன் நிழல்கூட இங்க விழக்கூடாது” என்றார், சொன்னேன். “ஃபேன் காத்துல முந்தானை பறக்குது, புடிச்சுக்கோங்க” என்றார். அதையும் அதே கோபத்தோடு விரலை நீட்டிச் சொன்னேன். எதிரே நின்ற மருமகள் கண்ணீர் வழிய வழியத் தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“சூப்பர்மா” என்றார் வசந்த்.

என்ன சொன்னாலும் கவலை இல்லை. படம் பிடித்த பிறகு, வளசரவாக்கம் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் ஸ்டெல்லா உட்கார்ந்து என் வாயசைவைப் பார்த்துப் பார்த்துச் சரியான வசனத்தைப் பேசிவிடுவாள். மருமகளுக்கும் அவள்தான் குரல். அந்த வீட்டில் வருஷக்கணக்காக நடந்த மாமியார் மருமகள் சண்டை முழுவதும் அவள் ஒருத்தியே தனியாகப் போட்டுக்கொண்டது. நானே பேசுகிறேனே என்று வசந்திடம் ஆரம்பத்திலேயே கேட்டுப் பார்த்தேன்.

“உங்களோடது கடைசி வரிசைக்குப் போற குரல்மா. சீரியல்ல கடைசி வரிசையே கிடையாது, சோபாதான். அதோட, கோபம் வந்தா உங்களுக்கு ஆவடி வந்துடுது. இவங்க பணக்கார மாமியார்” என்றார்.

வருமானம் வந்தது, தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள், நானும் விட்டுவிட்டேன்.

நைனாவுக்குக் கண் போனது அந்தச் சமயத்தில்தான். கண்ணில் பிரஷர் என்றார்கள். அவர் சொல்லாமலேயே விட்டுவிட்டதால் காப்பாற்ற முடியவில்லை. அம்மா முன்பே போய்விட்டாள். வெள்ளானூர் வீட்டில் என் தம்பி தேசிங்கும் அவன் மனைவி அலமேலுவும் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். தேசிங்கு தன் பங்கு நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டான். அதை நைனாவிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. “கத்திரி நல்லா பூத்து கீது நைனா” என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் விடிகாலையில், கத்தரித் தோட்டம் இருந்த திசையிலிருந்து மைக் செட்டில் நாதஸ்வரம் அலறியது. யாரோ புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் செய்கிறார்கள். நைனா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இன்னாடா, கத்திரிக்குக் கல்யாணமா?” என்றார். அதன்பிறகு அந்த வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அவர் நம்புவதில்லை. காதில் விழுவதைத்தான் நம்புவார்.

இந்த நிலையில்தான் அக்கம்பக்கத்தார் அவரிடம் வந்து, உன் பொண்ணு டிவியில் பெரிய ஆளாகிவிட்டாள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு நாடகத்துக்கும் வராத மனிதர், “போடு, அப்படி இன்னாதான் பேசறான்னு பாக்கலாம்” என்று டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். அன்று என் காட்சிகள்தான் அதிகம். முடியும்வரை கேட்டாராம்.

“எங்கடா வேதா? யாரோ ஒருத்தி கத்திகினே கீறா. எம் பொண்ணு எப்ப வருவா?”

“இவ்ளோ நேரம் வந்துச்சே, அதான் நைனா அக்கா.”

“மாமா, நெசமாலுமே அண்ணிதான் மாமா” என்று அலமேலுவும் சொல்லியிருக்கிறாள்.

“எனக்குக் கண்ணுதான் போச்சு” என்றாராம்.

அந்த ஞாயிறு நான் போனேன். அது நான்தான், குரல் மட்டும் வேறொருவர் கொடுக்கிறார் என்றேன்.

“இன்னாத்துக்கு? உனக்கு வாய் கோணிகிச்சா?”

சோபா விஷயத்தை அவருக்கு எப்படி விளக்குவது? ஒரு வசனத்தை அவர் முன்னால் பேசிக் காட்டினேன். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ஒப்பிக்கிறாள் என்றார். பிறகு, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பாமலேயே சொன்னார்.

“காலீல பஸ் ஏறிப் போற, ராவுல வர்ற. டிவில இல்ல. அப்ப நீ எங்கதான் போற? எனக்குப் பொய் சொல்றதுக்கு இந்த ஊட்டுலயே ஆளு கீது, நீ வேற எதுக்கு? நெசத்தச் சொல்ற அன்னிக்கு இந்தப் படி ஏறு. அது வரிக்கும் வராத.”

எனக்கு அப்போது மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வயது. இந்த வயதில் எங்கே போகிறாய் என்று ஒருவர் சந்தேகப்படுவது பெருமைதான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற அப்பா, அதுவும் கண் தெரியாதவர், நான் ஏமாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது?

வசந்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஒரே ஒரு காட்சியில், ஒரே ஒரு வரி என் குரலில் வரட்டும் என்று கெஞ்சினேன். அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

“ஒரு சீன்ல மட்டும் குரல் மாறுச்சுன்னா மாமியாருக்குப் பேய் புடிச்சிருச்சுன்னு நெனைப்பாங்கம்மா. பேய் ட்ராக் அடுத்த வருஷம்தான்.”

விஷயம் ஸ்டெல்லா காதுக்குப் போனது. போன் செய்தாள். “நீ இன்னாக்கா, இதப் போயி அவருகிட்ட கேட்டுகினு. நான் வர்றேன். உங்க நைனாகிட்ட நானே சொல்றேன். என் குரலக் கேட்டா நம்பித்தானே ஆவணும்?” என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. இருவரும் ஆவடியில் பஸ் பிடித்து வெள்ளானூர் போனோம். நான் படி ஏறக்கூடாது என்பதால் வாசலில் செருப்போடு நின்றேன். ஸ்டெல்லா உள்ளே போய், “ஐயா, வணக்கம்” என்றாள்.

நைனா எழுந்து நின்றுவிட்டார். நான் எப்போதாவது வருவேனா என்று தினமும் டிவி முன்னால் உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டிருந்த குரல், அவர் வீட்டுக்குள்ளேயே வந்து வணக்கம் சொல்கிறது. துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “அலமேலு, சேரு போடு! தேசிங்கு, எளநி வெட்டுடா!” என்றார். ஸ்டெல்லா இளநீரைக் குடித்துவிட்டு, தான் வெறும் குரல் மட்டும்தான், திரையில் தெரியும் முகம் அவர் பெண்ணுடையது, இதுதான் இந்தத் தொழிலின் வழக்கம் என்று பொறுமையாக, திருத்தமாக, பணக்கார மாமியார் குரலிலேயே விளக்கினாள். நைனா கடைசி வரை கேட்டார். அப்புறம் இரண்டு கையையும் கூப்பினார்.

“ரொம்பப் பெரிய மனசும்மா உனுக்கு. எம் பொண்ணு மானத்தக் காப்பாத்த இம்மாந்தூரம் வந்து பொய் சொல்ற. உன்ன மாரி ஒரு பொண்ணு எனக்குப் பொறக்கலியே.”

நான் வாசலில் நின்று இதைக் கேட்டேன். திரும்பி வந்து ஆவடியில் இறங்கியதும் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் வாய நான் புடுங்கிகினேன்க்கா” என்று அழுதாள். நான்தான் அவளுக்குச் சமாதானம் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பெரம்பூருக்கு ரயில் ஏற்றிவிட்டேன்.

இது நடந்து சில வாரங்கள் கழித்து, சீரியலில் எங்கள் குடும்பம் புது பங்களாவுக்குக் குடிபோனது. கிரகப்பிரவேசக் காட்சி. முதலில் பசுவும் கன்றும் வீட்டுக்குள் நுழைய வேண்டும், அதன்பின் பட்டுப்புடவையில் நான். புரொடக்‌ஷன் மேனேஜர் மாட்டுக்குச் சொல்லியிருந்தார். வந்தது சிட்டி மாடு. தெருவிலேயே வளர்ந்தது. போஸ்டர் தின்னும், பஸ்ஸே வந்தாலும் வழிவிடாது, ஆனால் வழவழவென்றிருந்த டைல்ஸைப் பார்த்ததும் நடுங்கிப் போய் வாசலிலேயே நின்றுவிட்டது. கன்று மட்டும் உள்ளே ஓடி சோபாவின் மேல் ஏறிக்கொண்டது.

வாழைப்பழம் காட்டினார்கள். அகத்திக்கீரை காட்டினார்கள். நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். வசந்த் தன் டிவியைப் பார்த்தபடியே, “மாடு வலது காலை எடுத்து வெச்சு வரட்டும்” என்றார். மாட்டுக்கு வலது கால் இரண்டு இருக்கிறது, எது என்று அவர் சொல்லவில்லை. உதவி டைரக்டர் பழக்கத்தில் மாட்டுக்கும் கேமராவுக்குப் பின்னால் நின்று, “உள்ள வாங்க, உள்ள வாங்க” என்று சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். லைட் சூட்டில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. மாடு என் முந்தானையை மெல்ல ஆரம்பித்தது. அது கம்பெனிப் புடவை.

நான் யோசித்துச் செய்யவில்லை. முந்தானையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, மாட்டைப் பார்த்துச் சத்தம் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சத்தம். நாக்கை மேலண்ணத்தில் இரண்டு தட்டு தட்டி, அடிவயிற்றிலிருந்து ‘ஹ்ஹேய்’ என்று ஒரு இழுப்பு, கடைசியில் மெல்லிய ஒரு சீட்டி. அந்தச் சீட்டி நைனாவின் உடைந்த பல்லால் வந்தது. அவர் மாட்டை ஓட்டும்போது அந்த இடுக்கு வழியாகக் காற்று போய்ச் சீட்டியடிக்கும். மாடுகளும் அதற்குப் பழகி, சீட்டி வந்தால்தான் நகரும் என்று ஆகிவிட்டன. அதனால் பல் முழுதாக இருந்தும் நானும் தேசிங்கும் நாக்கை மடித்து அந்தச் சீட்டியைப் போடப் பழகினோம். வெள்ளானூரில் வேறு எந்த வீட்டிலும் மாட்டுக்குச் சீட்டி கிடையாது.

இந்தச் சிட்டி மாட்டுக்கு எங்கள் வீட்டுப் பேச்சு எப்படிப் புரிந்ததோ தெரியாது. வெறுமனே திடுக்கிட்டிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு டைல்ஸ் மேல் டொக் டொக்கென்று நடந்து, நேராகப் பூஜையறைக்குப் போய்விட்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

“லட்சுமிய மாமியாரே வாய் தொறந்து கூப்பிடுறாங்க. சூப்பர்மா” என்றார் வசந்த். அதையே அவர் வைத்துக்கொண்டதற்கு, இரண்டாவது டேக் எடுக்க மாடு சம்மதிக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

அந்தக் காட்சி டப்பிங்குக்குப் போன அன்று ஸ்டெல்லா போன் செய்தாள். “அக்கா, மாமியாருக்குக் குடுத்துட்டேன், மருமகளுக்குக் குடுத்துட்டேன். மாட்டுக்குத்தான் முடியல. எப்புடிச் செஞ்சாலும் குக்கர் விசில் மாரி கீதுன்னு இன்ஜினியர் சிரிக்கிறாரு. ஷூட்டிங்ல பதிவான உன் சத்தத்தையே அப்டியே வெச்சுட்டோம்.” கொஞ்சம் நிறுத்தி, “நான் ரொம்ப முயற்சி பண்ணலன்னு வெச்சுக்கோயேன். அந்த எடத்துல நாதஸ்வரத்தையும் கொறைக்கச் சொல்லிக் கீறேன்” என்றாள்.

அது ஒளிபரப்பான நாளில் எனக்கு ஷூட்டிங். மறுநாள் விடிந்ததும் தேசிங்கு பைக்கில் ஆவடிக்கு வந்து நின்றான். தலைகூட வாரவில்லை.

“அக்கா, நைனா உன்ன இட்டாரச் சொல்லுது.”

“இன்னாடா ஆச்சு?”

“நேத்து டிவில மாடு வந்துச்சா. நீ சத்தம் குடுத்தியா. சோத்துல கைய வெச்ச மனுசன் அப்டியே எய்ந்துட்டாரு. ‘தேசிங்கு, இப்ப மாட்ட ஓட்னது யாரு?’ன்னாரு. நான் எதுக்கு வாயத் தொறக்கறேன், நான் சொன்னாத்தான் நம்ப மாட்டாரே. ‘நம்ம ஊட்டுச் சத்தம்டா. வேதாடா’ன்னாரு. அப்பறம் சாப்புடவே இல்லக்கா. எச்சக் கையோடவே உக்காந்துகினு இருந்தாரு.”

அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனேன். வாசலில் இறங்கியதும் கால் தயங்கியது. நைனா என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுவிட்டார்.

“ஏறு, ஏறு. இன்னாத்துக்கு அங்கயே நிக்கிற?”

ஏறினேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு, அழுகை என்று எதுவும் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. என் கையைத் தேடிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மாடு உனுக்கு எந்தப் பக்கம் நின்னுச்சு?”

“பீச்சாங்கைப் பக்கம், நைனா.”

“அதான் லேட்டா நவுந்துது. சோத்தாங்கைப் பக்கம் நின்னு ஓட்டணும்னு எத்தினி தபா சொல்லிக் கீறேன்.”

“சரி நைனா.”

“மீதி நேரமெல்லாம் அங்க இன்னா பண்ற?”

“சும்மா வாய் அசைப்பேன் நைனா. பேச்சு அந்தம்மா பேசிக்கும்.”

அன்றைக்கு இளநீர் குடித்துவிட்டுப் போனவள் சொன்னதெல்லாம் இப்போதுதான் அவருக்குள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தது போலிருந்தது.

“அதுவும் சரிதான். அந்தம்மா நல்லாத்தான் பேசுது. பேச்ச அது பாத்துக்கட்டும். மாட்ட நீ பாத்துக்கோ” என்றார்.

இதைச் சொல்லி முடித்தபோது ஹேமாவின் காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. “அப்போ மெஷினுக்குக் குரல் குடுக்கலாமா, வேணாமா?” என்று மறுபடியும் கேட்டாள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாவிட்டால் இந்தக் காலத்துப் பெண்கள் விடுவதில்லை.

“குடு. குடும்பம் நடக்கணும். ஆனா அவங்க எழுதிக் குடுத்தத மட்டும் படி. உங்க வீட்டுல மட்டும் நீ போடுற சத்தம் ஏதாவது இருந்தா, அத அங்க போட்டுடாத” என்றேன்.

“என்ன சத்தம்? நாங்க ஃபிளாட்ல இருக்கோம், வேதாம்மா. எங்க வீட்டுல மாடெல்லாம் இல்ல.”

“உங்கம்மாவக் கேளு, சொல்லுவாங்க” என்றேன். சந்தேகமாகத்தான் போனாள்.

நைனா அதற்குப் பிறகும் தினமும் அந்த சீரியலைக் கேட்டார். “மாடு எப்ப வரும்?” என்று தேசிங்கைக் கேட்டுக்கொண்டே இருப்பார். மாடு அப்புறம் வரவே இல்லை. வசந்திடம் கேட்டுப் பார்த்தேன். ஒரு குடும்பம் எத்தனை முறைதான் கிரகப்பிரவேசம் செய்யும் என்றார், நியாயம்தான். சீரியல் முடிவதற்கு முன்பே நைனா போய்விட்டார்.

அன்று வெள்ளானூரில் எங்கள் வாசலில் கூட்டம். குவார்ட்டர்ஸிலிருந்தும் ஷூட்டிங்கிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள், ஸ்டெல்லா வந்திருந்தாள். நான் நைனாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவரோடு தினமும் டீக்கடையில் உட்காரும் பெரியவர் ஒருவர் மாலையைப் போட்டுவிட்டு, என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அந்த மனிதர் சீரியல் பார்ப்பவர் இல்லை. வீட்டில் டிவியே இல்லையாம்.

“நீதானேம்மா வேதா? டிவில மாடு ஓட்டுற பொண்ணு? முனுசாமி சொல்லாத நாளில்ல.”

மாமியார், சம்பந்தி, நீதிபதி, மேடையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்று நான் போட்ட வேஷங்களைச் சொல்லி எத்தனையோ பேர் என்னிடம் நீதானே என்று கேட்டிருக்கிறார்கள். இந்த ஒரு கேள்விக்குத்தான் எனக்கு நெஞ்சு நிறைந்தது.

“ஆமாங்க, நான்தான்” என்றேன். கடைசி வரிசைக்கே கேட்டிருக்கும்.